தலைப்படத்தின் சிவப்பு: மூளை அலைப் பதிவை மனநோயாக வாசிக்கும்போது

பள்ளியில் பிள்ளை பாடத்தைக் கவனிப்பதே இல்லை என்று டீச்சர் சொல்லி அனுப்புகிறார். பாபநாசத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ தாயும் தகப்பனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். திரும்பி வரும்போது கையில் வழவழப்பான ஒரு ஃபைல். உள்ளே மேலிருந்து பார்த்த மாதிரி வரிசை வரிசையாக வட்டத் தலைகள். மூக்குக்கு ஒரு சிறு முக்கோணம், காதுகளுக்கு இரண்டு வளைவு. பச்சை என்றால் இயல்பு, நீலம் என்றால் குறைவு, சிவப்பு என்றால் மிகுதி. பிள்ளையின் உச்சியில் ஒரு சிவப்புத் திட்டு. கீழே ‘தீட்டா அலை மிகுதி, கவனக்குறைபாட்டுக்கு ஒத்துவருகிறது, நியூரோஃபீட்பேக் 40 அமர்வு’ என்ற பாணியில் இரண்டு வரி. டாக்டர் வாயால் சொல்லியிருந்தால், இன்னொருவரையும் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியிருக்கும். கம்ப்யூட்டரே வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டதே, அதை யாரிடம் போய்க் கேட்பது?

கேட்கத்தான் வேண்டும். தலையில் ஒட்டிய ஒயரிலிருந்து அந்த இரண்டு வரி வரை ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. முதல் சில படிகள் நூறாண்டு அறிவியலின் மேல் நிற்கின்றன. கடைசி இரண்டு மூன்று படிகளுக்கு அந்த உறுதி கிடையாது. அதற்கு இந்தியாவிலேயே, உச்ச நீதிமன்றம் வரை போன சான்று உண்டு.

1924இல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக மின்னலையைப் பதிவு செய்தார். ஐந்து வருடம் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது பின்மண்டையில் நொடிக்குப் பத்துத் தடவை அளவில் எழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தவர் அவர். கண்ணைத் திறந்ததும் அது அடங்குவதையும் அவரே கண்டார். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு எண்ணம் தாவுவதற்குப் பௌதிக ஆதாரம் கிடைக்குமா என்ற ஆசைதான் அவரை இந்த வழியில் தள்ளியது. தேடியது கிடைக்கவில்லை. கருவி போய் நிலைபெற்ற இடம் வேறு. 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் குழந்தைகளின் ஒருவகை வலிப்பில் நொடிக்கு மூன்று தடவை வரும் கூர்முனை அலையைக் காட்டினார்கள். அன்றிலிருந்து இந்த மூளை அலைப் பதிவு, அதாவது இ.இ.ஜி., முதன்மையாக வலிப்பு நோயின் கருவி.

அலைகளின் பெயர்கள் வெறும் வேகக் கணக்கு. நொடிக்கு 4க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் 30 வரை பீட்டா. தீட்டா என்றால் மந்தம், பீட்டா என்றால் பதற்றம் என்று எந்த அலையின் மேலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அயர்ந்து தூங்குகிறவருக்கு டெல்டா இயல்பு. விழித்திருக்கும் பெரியவருக்கு அதே டெல்டா பரவலாக வந்தால் டாக்டர் கவலைப்பட வேண்டும்.

பதிவு எடுக்கும் அறையில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். முதல் நாளே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். எண்ணெய் வைக்கக் கூடாது. நம் ஊரில் இது சின்ன நிபந்தனை இல்லை. விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் பிள்ளையின் தலையில் பழக்கதோஷத்தில் ஒரு கை தேங்காய் எண்ணெயைத் தடவி, படிய வாரி அழைத்து வந்துவிடுவார்கள். டெக்னீஷியன் பஞ்சால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போவார். பிறகு டேப்பை எடுத்து மூக்கின் வேரிலிருந்து பிடரி மேடு வரை அளப்பார். அந்த நீளத்தை 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பார். 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த முறை அது. தலையில் 19 புள்ளிகள், காதுகளில் இரண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் சொரசொரப்பான களிம்பால் தோலைத் தேய்த்து, பசை வைத்து, சிறு கிண்ணம் போன்ற எலக்ட்ரோடை அழுத்துவார். எண்ணெய் மிச்சமிருந்தால் தோலின் மின்தடை கூடும்; 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும் வரை விடமாட்டார். நல்ல டெக்னீஷியன் கிடைத்தால்தான் இதெல்லாம்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், பிடிக்க வேண்டிய மின்னழுத்தம் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். நெஞ்சில் எடுக்கும் இ.சி.ஜி.யில் வருவதில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் நூறில் ஒரு பங்கு. இமை கொட்டினால் நெற்றி வரிகளில் மூளை அலையைவிடப் பெரிய மேடு எழும்பும். கணக்குப் போடும் மென்பொருளுக்கு அது டெல்டாவாகத் தெரியலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாடைத் தசை பீட்டாவாக வந்து சேரும். சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றுபோனால் வேர்வை ஒன்றே வரிகளை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் தன் பங்குக்கு இரையும். நான்கு மணிக்கு எழுந்து பஸ்ஸில் வந்த பிள்ளைக்குக் கண் சொக்கினால் தீட்டா கூடும், நோய் எதுவும் இல்லாமலே. இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்து வெட்டி எறிந்த பிறகு மிஞ்சுவதுதான் வாசிக்கத் தகுந்த பதிவு. வண்ணப் படம் மட்டும் கையில் கொடுக்கப்பட்டால் எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று வேறு டாக்டருக்குத் தெரியாது.

பதிவு சுத்தமாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மண்டையோட்டுக்கு வெளியே ஒட்டிய எலக்ட்ரோடு பிடிப்பது, லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மின்னழுத்தத்தின் கூட்டுத்தொகை. கல்லணையில் அளவுகோலைப் பார்த்து ஆற்றில் எத்தனை கன அடி போகிறது என்று சொல்லிவிடலாம். கடைமடையில் ஒருவர் நாற்று விட்டாரா, விட்டது வாடுகிறதா, அவருக்குக் கடன் எவ்வளவு என்று அதே அளவுகோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவில் பொய் இல்லை. கேட்கிற கேள்வி அந்த அளவுக்கு மீறியது.

கேள்வி சரியாக இருந்தால் இந்தக் கருவி எவ்வளவு பெரிய உதவி என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் பராக்குப் பார்க்கிறான் என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது அப்சன்ஸ் என்ற வகை வலிப்பு. கீழே விழுவதில்லை, கைகால் இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. பத்து விநாடி நினைவு அறுந்து மீளும், ஒரே நாளில் பல தடவை. டெக்னீஷியன் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, “ஊது கண்ணு, நிறுத்தாம ஊது” என்று மூன்று நிமிடம் ஊத வைப்பார். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றுவிடும். பிள்ளையின் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். இமை லேசாகத் துடிக்கும். அதே கணம் திரையில் எல்லா வரிகளிலும் ஒன்றுபோல, நொடிக்கு மூன்றாக, கூர்முனையும் அலையும் மாறி மாறிச் சீராக ஓடும். பிறகு வரிகள் தணியும். ஒன்றுமே நடக்காத மாதிரி பிள்ளை மறுபடியும் ஊத ஆரம்பிக்கும். இங்கே கண்ணெதிரே நடந்ததும் வரியில் வந்ததும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகின்றன. சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்து மறைகின்றன.

இன்னொன்றும் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்த இளம்பெண் இரண்டு வாரத்தில் தூக்கம் போய், சம்பந்தமில்லாமல் பேசி, கைகால் விறைத்துப் போகிறாள். வீட்டில் பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். ஆஸ்பத்திரியில்கூட முதலில் மனநோய் என்றே எழுதிவிடக்கூடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி அது. 2007இல் ஹோசப் டால்மாவ் குழுவினர் அதன் காரணத்தை அடையாளம் காட்டினார்கள். இ.இ.ஜி.யில் மந்தமான அலைகள் பரவியிருந்தால், இது மனநோய் மட்டும் இல்லை, உடம்பைப் பார் என்று அது எச்சரிக்கும். மனநலத் துறையில் இ.இ.ஜி.யின் நியாயமான வேலை பெரும்பாலும் இதுதான்: மனநோய் என்று தோன்றுவதற்குப் பின்னால் வலிப்போ அழற்சியோ மருந்தின் நஞ்சோ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. முதல் பதிவு இயல்பாக வந்தாலும் வலிப்பு இல்லையென்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ‘வலிப்பு’ என்ற சொல்லுக்கு வீடுகளில் இன்னும் பயம். பெண்ணுக்கு என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்பார்கள். திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களிலிருந்து வலிப்பை 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்ட பிறகும் பயம் போகவில்லை. ‘ஃபிட்ஸ் டெஸ்ட்’ என்றால் தயங்குகிறவர்கள் ‘பிரெயின் மேப்பிங்’ என்றால் ஒப்புக்கொள்வதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி அந்தச் சிவப்புக்கு வருவோம். இத்தனை மைக்ரோவோல்ட் என்று சிவப்பு சொல்வதில்லை. உன் வயதுக்காரர்களின் சராசரியிலிருந்து இவ்வளவு விலகியிருக்கிறாய் என்கிறது; அந்த விலகலுக்கு இசட் மதிப்பு என்று பெயர். 1970களில் நியூயார்க்கின் ஈ. ராய் ஜான் இந்த ஒப்பீட்டை ‘நியூரோமெட்ரிக்ஸ்’ என்ற பெயரில் வளர்த்தார். அப்படியானால் உடனே எழ வேண்டிய கேள்வி: யாருடைய சராசரி? அதிகம் புழங்கும் தரவுத்தளங்கள் அமெரிக்க, ஐரோப்பியத் தலைகளிலிருந்து சேர்ந்தவை.

தலைக்குத் தலை என்ன வித்தியாசம், மூளை எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே செய்த ஓர் ஆய்வு பதில் தருகிறது. தன்யா பரமேஸ்வரன், எஸ். சதீஷ்குமார், தாரா தியாகராஜன் ஆகியோர் 2021இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்டது. மின்சாரம் எட்டாத குக்கிராமம் முதல் பெருநகரம் வரை 48 குடியிருப்புகளில் 402 பேரின் மூளை அலையை எளிய தலைக்கருவியால் பதிவு செய்தார்கள். அவர்களின் வருமானம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவிலிருந்து நானூறு டாலர் வரை விரிந்தது. ஆல்ஃபா அலையின் வலிமை உள்ளிட்ட பல அளவுகள் வருமானம், படிப்பு, பயணம், செல்போன் ஆகியவற்றோடு சேர்ந்து ஏறின. ஏழ்மையின் அடித்தட்டில் மாற்றம் செங்குத்தாக இருந்தது, ஓரளவு வசதிக்கு மேல் சமனானது. எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. கருவியும் சாதாரணக் கருவி. ஆனால் ஒன்று தெளிவு. கண்ணை மூடினால் எழும் என்று பாடநூல் சொல்லும் அலையே வாழ்க்கை நிலைமையோடு இவ்வளவு மாறுமென்றால், வேதாரண்யத்துக் கூலித் தொழிலாளியின் பிள்ளையை அமெரிக்கச் சராசரியோடு ஒட்டிவைத்து, வித்தியாசத்துக்குச் சிவப்புப் பூசி, அதை நோய் என்று படிப்பது எப்படி நியாயமாகும்?

சராசரி சரியானதாகவே இருந்தாலும் ஒரு கணக்குச் சிக்கல் மிச்சம். 19 எலக்ட்ரோடுகளை இரண்டிரண்டாக இணைத்தால் 171 இணைகள் வரும். ஒவ்வோர் இணையும் எவ்வளவு ஒத்திசைகிறது என்று ஐந்து அலை வரிசைகளில் பார்த்தால் 855 அளவுகள். இயல்பான மனிதர்களில் 95 விழுக்காட்டினர் விழும் எல்லைக்கு வெளியே போனால் நிறம் மாறும் என்று வைத்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கே தற்செயலாகச் சுமார் 43 அளவுகள் நிறம் மாறி நிற்கும். வலிமை, விகிதம், இடவல வேறுபாடு என்று இன்னும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இவ்வளவில் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் ஏற்கெனவே சொன்ன குறைக்குப் பொருந்துகிற ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுப்பது யாருக்கும் கடினமில்லை. ஜோசியத்தில் நாம் பார்க்காத வித்தையா?

மருந்தும் நிறத்தை மாற்றும். பதற்றத்துக்குப் பலரும் விழுங்கும் குளோனாசெபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள் பீட்டாவைக் கூட்டுபவை. ஏற்கெனவே ஒரு டாக்டரிடம் அந்த மாத்திரை வாங்கிச் சாப்பிடும் ஆள் வேறொரு இடத்தில் படம் எடுத்தால் முன்தலை சிவக்கும். ‘மிகு பீட்டா, பதற்ற நிலை’ என்று எழுதிவிடலாம். எழுதப்பட்டது நோயின் சுவடா, நோய்க்குக் கொடுத்த மருந்தின் சுவடா? கேட்டால்தானே தெரியும். லித்தியமும் குளோசபினும் அலையை மந்தமாக்கும். வயதும் அலையை மாற்றும்: மூன்று வயதில் பின்மண்டை அலை நொடிக்கு எட்டு, பத்து வயதில் ஏறத்தாழ பத்து. ஒரு வயது பிசகினால் கணக்கும் பிசகும்.

கவனக்குறைபாட்டுக்கு வருவோம், நம் பெற்றோர் அதிகம் அலைவது இதற்காகத்தான். தீட்டாவைப் பீட்டாவால் வகுத்தால் வரும் எண், கவனக்குறைவும் மிகு துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் என்று 1990களில் ஆய்வுகள் சொல்லின. 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த விகிதத்தை அளக்கும் நெபா என்ற கருவியை, டாக்டரின் முழுப் பரிசோதனைக்குத் துணையாக மட்டும், 6 முதல் 17 வயதினருக்கு அனுமதித்தது. ‘அனுமதி பெற்றது’ என்ற பாதி வாசகம் உலகமெங்கும் பரவியது; ‘துணையாக மட்டும்’ என்ற மீதி பரவவில்லை. அதே 2013இல் மார்ட்டின் ஆர்ன்ஸ் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த விகிதத்தை நம்பகமான நோயறி அளவாகக் கொள்ள முடியாது என்று கண்டார்கள். 2016இல் அமெரிக்க நரம்பியல் கழகம், ஆராய்ச்சிக்கு வெளியே இதைக் கொண்டு நோயை உறுதிசெய்ய வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவுறுத்தியது. மனச்சோர்வுக்குச் சொல்லப்பட்ட நெற்றி ஆல்ஃபா வேறுபாட்டின் கதையும் இதேதான். 2017இல் வந்த தொகுப்பாய்வு அதற்கு நோயறி மதிப்பில்லை என்றது.

தவறான வாசிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்திய நீதிமன்றம் சாட்சி. தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய உளவியலாளர் சி.ஆர். முகுந்தன் ‘பியோஸ்’ என்ற முறையை உருவாக்கினார். சந்தேக நபரின் தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி, குற்றத்தைப் பற்றிய வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வைப்பார்கள். அவர் வாயைத் திறக்க வேண்டாம். செய்த செயலின் அனுபவ நினைவு மூளையில் கிளறப்பட்டால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பில் இந்தச் சோதனை முடிவையும் சான்றுகளில் ஒன்றாக ஏற்றுத் தண்டனை விதித்தது. உலகச் செய்தி ஆனது அது. அதே ஆண்டு நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான குழு, இம்முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது, சான்றாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று கூறியது. 2010 மே 5 அன்று ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமில்லாமல் மூளை வரைபடம், உண்மை கண்டறியும் கருவி, நார்கோ சோதனை எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்தாலும் அந்த முடிவை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது என்றது. கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, ஏழாவது படிக்கும் பிள்ளையின் ஃபைலில் எழுதப்படும் இரண்டு வரிக்கு இல்லை.

அலையைப் படித்தாகிவிட்டது, அடுத்து அதை மாற்றலாம் என்கிறது நியூரோஃபீட்பேக். தலையில் எலக்ட்ரோடு, எதிரே திரை. வேண்டிய அலை கூடினால் திரையில் கார் ஓடும், படம் தெளியும், குறைந்தால் நிற்கும். மூளை பரிசைத் தேடித் தானே பழகிக்கொள்ளும் என்பது கொள்கை.

இதன் வேர் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1961இல் டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலையைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். தியானத்தில் இருந்தவர்களின் ஆல்ஃபா அலை, ஒளி, இரைச்சல், சூடான கண்ணாடிக் குழாய் எதனாலும் கலையவில்லை. பனிபோல் குளிர்ந்த நீரில் கையை முக்கால் மணி நேரம் வைத்திருந்தவர்களுக்கும் கலையவில்லை. கவனித்தது மிகச் சிலரைத்தான். அமெரிக்காவில் ஜோ கமியா, மனிதர்கள் தங்கள் ஆல்ஃபாவைத் தாமே கூட்டப் பழகலாம் என்று காட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1969இல் சார்ல்ஸ் டார்ட் தொகுத்த நூலில் இரண்டு ஆய்வுகளும் அடுத்தடுத்து இடம்பெற்றன. யோகம் வேண்டாம், கருவி போதும் என்ற மோகம் அமெரிக்காவில் பரவியது. யோகி ஆய்வின் கண்டுபிடிப்பை 1981இல் பெக்கரும் ஷப்பிரோவும் மறுபடி செய்து பார்த்தபோது அது கிடைக்கவில்லை. நம் ஊர் யோகியின் பெயரில் கடல் கடந்து போன சரக்கு, இப்போது ஹெட்செட்டாகத் திரும்பி வந்து நமக்கே விற்கப்படுகிறது.

நியூரோஃபீட்பேக்கின் இன்னொரு வேர், ஆய்வாளர் பாரி ஸ்டெர்மனின் பாதை, இதைவிட உறுதியானது. லாஸ் ஏஞ்சல்ஸில் பூனைகளுக்கு நொடிக்கு 12 முதல் 15 வரையிலான ஒரு தாளத்தைப் பாலும் கோழிச்சாறும் கொடுத்துப் பழக்கியிருந்தார். பிறகு வேறொரு வேலைக்காக ராக்கெட் எரிபொருளின் நஞ்சைப் பூனைகளுக்குச் செலுத்திச் சோதித்தபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதித்து வந்தது. பூனைக்கு நம்பிக்கையோ ஆறுதலோ வேலை செய்திருக்க வழியில்லை. அதனால்தான் இந்தத் துறையை முழுக்கப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மனிதர்களிடம் வந்தால் கதை மாறுகிறது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 7 முதல் 10 வயதான 144 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு உண்மைப் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே நாற்காலி, அதே எலக்ட்ரோடு, அதே விளையாட்டு, ஆனால் திரையை ஓட்டியது வேறு யாருடையதோ பழைய மூளைப் பதிவு. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் எது எதுவென்று தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் நன்றாகவே தேறினார்கள். ஒரே அளவுக்குத் தேறினார்கள். 61 விழுக்காட்டுக்கு எதிர் 54 விழுக்காடு. அந்த வித்தியாசம் தற்செயலில் அடங்கிவிடும். ஓராண்டு கழித்து உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மருந்துத் தேவை சற்றுக் குறைந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஜெர்மனியில் பெரியவர்களிடம் ஷோனன்பெர்க் குழுவினர் 2017இல் செய்ததும் இதையே காட்டியது: உண்மைப் பயிற்சி, போலிப் பயிற்சி, குழுவாகப் பேசுவது, மூன்றும் சமம். 2024 டிசம்பரில் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் 38 ஆய்வுகளை, 2,472 பேரை, சேர்த்துப் பார்த்த தொகுப்பு, யாருக்கு எந்தப் பயிற்சி என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்றது. நிலைபெற்ற நெறிமுறைகளைப் பின்பற்றியவற்றில் மட்டும் சிறு பயன். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஜமுனா ராஜேஸ்வரன் குழுவினர் தலைக்காயப்பட்டவர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் தேடுவது வேறு கேள்வி, அதைக் கவனக்குறைபாட்டு விளம்பரத்துக்குச் சான்றாகத் தூக்கி வைக்கக் கூடாது.

தேறினார்கள் என்பது மெய். எதனால்? காவிரிக் கரையில் இதற்கு ஒரு பழைய இடம் இருக்கிறது. திருச்சிக்கு மேற்கே குணசீலத்தில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து 48 நாள் தங்க வைப்பார்கள். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இப்போது உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் அங்கே இருக்கிறது. அங்கே யாரும் அளந்து பார்த்த கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் வேறொரு கோயிலில், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில், ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ எழுதினார்கள். தங்கிய 31 பேரின் நோய்க்குறி மதிப்பெண் சராசரியாக ஆறு வாரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஆதரவான, மிரட்டாத, நம்பிக்கை தரும் சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு ஆய்வு அது. தீர்த்தத்துக்கு மருந்து குணம் உண்டென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நாற்பது அமர்வு ஒரு பெரியவர் பிள்ளையின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து, அசையாமல் இருந்ததற்குப் பாராட்டி, அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுக் கூடவே வந்து காத்திருந்தால் பிள்ளை தேறத்தான் செய்யும். கோயிலுக்குச் சொல்லும் நியாயத்தைக் கருவிக்கும் சொல்லியாக வேண்டும்.

வித்தியாசம் செலவில். வாரம் இரண்டு மூன்று அமர்வென்றால் பேராவூரணியிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் காசு. நடவு நேரத்தில் அது பெரிய தொகை. அந்தப் பணத்தையும் நாளையும் முதலில் வேறு இடங்களில் போடலாம் என்பது என் கருத்து: பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது, தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றியதில் வகுப்பே புரியாமல் போய்விட்டதா. கவனக்குறைபாட்டை உறுதிசெய்ய இன்று வரை ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை, இ.இ.ஜி.யும் இல்லை; வீட்டிலும் பள்ளியிலும் பல மாதம் நடந்ததைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். கேட்பது மட்டமான முறை என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் நிம்ஹான்ஸ் செய்தது, உள்ளூர்க்காரர்களுக்கே கேட்கவும் ஆறுதல் சொல்லவும் பயிற்சி கொடுத்ததுதான்.

இ.இ.ஜி. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். எதைத் தேடி எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். வண்ணப் படம் மட்டும் தந்தால் மூலப் பதிவையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு நரம்பியல் மருத்துவர் பார்க்கட்டும். பிள்ளை சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பதிவுக்கு முன்னால் சொல்லுங்கள். படிப்பவர் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. இன்று டெல்டா மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். தஞ்சாவூர் வரை போக முடியாதவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸின் எண் 14416. இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.